தலை திரும்பாத பிள்ளை

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் சேத்தூரைக் கடந்தால், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் தேவதானம் என்னும் ஊர் வருகிறது. இந்த வட்டாரத்தில் யாருக்கேனும் இடுப்புப் பிடித்துக்கொண்டால், தைலமும் ஒத்தடமும் பலிக்காத நிலையில், "காலால் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று தேடிப் புறப்படுவது பழைய வழக்கம். தாயின் வயிற்றிலிருந்து தலை முன்வராமல் கால் முன்வரப் பிறந்தவர் தம் காலால் மிதித்தால் பிடிப்பு விட்டுப் போகும் என்பது நம்பிக்கை. தமிழகத்தின் பல பகுதிகளிலும் இந்த நம்பிக்கை உண்டு.

என் தாய்வழி நன்னி அப்படிப் பிறந்தவர். வீட்டு முற்றத்தில் சாதி சமய வேறுபாடின்றி ஆட்கள் குப்புறப் படுத்துக் கிடக்க, நன்னி 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லி மெல்ல மிதித்துவிட்டு, ஒரு காசும் வாங்காமல் உள்ளே போய்விடுவார். நன்னிக்குப் பின் ஒரு தம்பியும் பிறந்தார். அவரும் காலால்தான் வந்தார். உடல் முழுவதும் வெளியே வந்துவிட்டது, தலை வரவில்லை. அதே தாய், அதே வீடு, அதே மருத்துவச்சி. அந்தப் பிள்ளைக்குப் பெயர்கூட இல்லை. முதுமையில் ஒரு நாள் பேச்சுவாக்கில் நன்னி இதைச் சொல்லியிராவிட்டால் எங்களில் எவருக்கும் தெரிந்திருக்காது.

காலால் பிறந்து பிழைத்தவர் ஊருக்கே மருந்தானார். காலால் பிறந்து பிழைக்காதவர் எவர் நினைவிலும் இல்லை. இத்தகைய பிறப்பைப் பற்றி மனிதகுலம் பல நூற்றாண்டுகள் கொண்டிருந்த கருத்துகளிலெல்லாம் இந்தப் பிழை ஒளிந்திருக்கிறது. பழைய உரோமர்கள் இதற்கு நேர்மாறாக, காலால் பிறப்பதைத் தீய சகுனமென்று எண்ணினார்கள். அவ்வாறு பிறந்தவர்களுக்கு 'அக்ரிப்பா' என்று பெயரிட்டதாகவும், அவர்களில் நல்வாழ்வு பெற்றவர் தளபதி மார்க்கஸ் அக்ரிப்பா ஒருவரே என்றும் பிளினி என்னும் உரோமானிய அறிஞர் எழுதிவைத்தார். ஓரிடத்தில் வரம், ஓரிடத்தில் சாபம்! இரண்டிலும் எத்தனை பிள்ளைகள் வந்தன, எத்தனை பிழைத்தன என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் உடலில் பெரியதும் கடினமானதும் தலை. தலை முன்வரும் பிறப்பில் அது பல மணி நேரம் மெல்ல மெல்ல வளைந்து, நெளிந்து, வழியைத் தனக்கேற்ப விரித்துக்கொண்டு இறங்குகிறது. தலை வந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிட்டமோ காலோ முன்வரும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. மெல்லிய பகுதிகள் முதலில் வந்துவிடுகின்றன. பெரிய தலை கடைசியில் வருகிறது. தொப்புள் வெளியே வந்த பின்னர், தொப்புள்கொடி தாயின் இடுப்பெலும்புக்கும் பிள்ளையின் தலைக்கும் இடையில் நசுங்குகிறது. அப்போதிருந்து பிள்ளைக்குள்ள அவகாசம் சில நிமிடங்களே. கருப்பையின் வாய் முழுவதும் விரியாதிருந்தால் உடலை வெளியே விட்ட வழி தலையை விடாது. பதற்றத்தில் காலைப் பிடித்து இழுத்தாலோ பிள்ளையின் கைகள் மேலே போய்க் கழுத்தோடு மாட்டிக்கொள்ளும். மோவாய் நிமிர்ந்து தலை இன்னும் அகன்றுவிடும். இழுப்பதே கொல்வதாக முடியும். எனவேதான் இந்தப் பிரசவத்தில் தேர்ந்தவர்கள் சொல்லும் முதல் விதி: பிள்ளை தானாக வரும்வரை கையை வைக்காதே. கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும், உரிய கணத்தில் உரிய இடத்தில் கையை வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நூல் படித்து மட்டும் வருகிற கலையன்று இது.

ஏழாம் மாதவாக்கில், அதாவது 28 வாரத்தில், ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளை பிட்டம் கீழாகத்தான் இருக்கிறது. பெரும்பாலானவை பின்னர் தாமாகவே திரும்பிவிடுகின்றன. நிறைமாதத்தில் தலை திரும்பாமல் எஞ்சியிருப்பவை நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு. சிறுபான்மைதான். ஆனால் ஆயிரம் பிரசவம் நடக்கும் ஊரில் முப்பது நாற்பது தாய்மார்கள் என்றால் அது சிறிய எண் ஆகாது.

இந்தக் கலையின் வரலாற்றில் நம் முன்னோர்களுக்கு உயர்ந்த இடம் உண்டு. இந்திய மருத்துவத்தில் சுசுருத சங்கிதை, தடைப்பட்ட கருவின் நிலைகளை வகைப்படுத்தி, அவற்றைக் கையால் சரிசெய்யும் முறைகளைப் பேசியது. நிறைமாதத்தில் தாய் இறந்து வயிற்றில் பிள்ளை துடித்தால் வயிற்றைக் கீறி எடுக்கவும் அது வழி கூறியது. கிரேக்கத்தில் சொரானஸ் இரண்டாம் நூற்றாண்டில் மருத்துவச்சிகளுக்கென்றே நூல் செய்தார். இவ்விரு மரபின் செல்வங்களும் அரபு மொழியில் வந்து சேர்ந்தன.

ஸ்பெயின் நாட்டில் குர்துபா நகரம் அறிவுலகின் தலைநகராக விளங்கிய காலம் அது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் அரீப் இப்னு ஸஅத் என்பார் கருவின் தோற்றம், கர்ப்பிணிகளின் பராமரிப்பு, பிறந்த குழந்தைகளின் பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்ட தனி நூலொன்றை எழுதினார். அதே குர்துபாவுக்கு அருகில் மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. ஏறக்குறைய கி.பி. 1000-ல் அவர் நிறைவு செய்த 'கிதாபுத் தஸ்ரீஃப்' முப்பது பகுதிகளைக் கொண்டது; இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். கருவிகளின் படங்களை வரைந்து விளக்கிய அந்த நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்தார். அதன் பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் அதைத்தான் படித்தார்கள்.

அந்தப் பகுதியில் அஸ்ஸஹ்ராவி மருத்துவச்சிகளை நோக்கியே பேசுகிறார். இயற்கையான பிறப்பு தலை முன்வருவது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொரு மாறுபட்ட நிலையாக எடுத்துக்கொள்கிறார். கால் முன்வந்தால் பிள்ளையை மெல்ல மேலே தள்ளிச் சிறிது சிறிதாகத் திருப்பி நேராக்க வேண்டும். தொடைவரை வந்துவிட்ட பிறகு தாயை முக்கச் செய்து, தும்மல் உண்டாக்கி, அந்த விசையால் பிள்ளை வரவேண்டும். நான் இங்கே சுருக்கித் தருகிறேன். விவரம் இன்னும் நுணுக்கமானது. அடிக்கடி வருகின்ற சொல் 'மெல்ல' என்பதே. பிள்ளையை வெளியே தள்ளும் விசை தாயிடமிருந்து வரவேண்டும், மருத்துவச்சியின் இழுப்பிலிருந்து அன்று என்னும் அறிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இறந்துவிட்ட பிள்ளையை எடுக்கும் கொக்கிகளையும் அவர் படம் வரைந்து காட்டுகிறார். படிக்க மனம் கூசும் பக்கங்கள் அவை. தாயையாவது காப்பாற்ற வேண்டுமென்ற நிலையில் அன்றைய உலகம் முழுவதிலும் வேறு வழி இருக்கவில்லை.

நாலு நூற்றாண்டுகள் கழித்து, 1377-ல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், மனித நாகரிகத்துக்கு இன்றியமையாத தொழில்களை வரிசைப்படுத்தும்போது மருத்துவச்சியின் தொழிலுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். பால் மறக்கும் வயதுவரை குழந்தையின் நோய்களைத் தேர்ந்த மருத்துவரைவிட மருத்துவச்சியே நன்கறிவாள் என்பது அவர் துணிபு. சமூகவியலின் தந்தை என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்த மேதைக்கு, பேறுகாலம் பார்க்கும் பெண் இழிந்த தொழில் செய்பவளாகத் தெரியவில்லை. நம் ஊர்களில் மருத்துவச்சியைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திக் கூலி கொடுத்த வழக்கத்தை இத்துடன் ஒப்பிட்டால் வெட்கமே மிஞ்சுகிறது.

ஐரோப்பாவில் 1550-ல் அம்புரோவாஸ் பாரே, பிள்ளையை உள்ளேயே திருப்பிக் காலைப் பற்றி எடுக்கும் பழைய முறைக்கு மறுவாழ்வு தந்தார். 1668-ல் பாரிஸில் மோரிஸோ என்பவர், கடைசியில் வரும் தலையை எப்படி விடுவிப்பது என்று எழுதினார். பிள்ளையைத் தன் முன்கையின்மேல் குதிரையில் அமர்த்துவதுபோல் கிடத்தி, ஒரு கையின் விரலால் மோவாய் நெஞ்சோடு படியும்படி தலையைக் குனியவைத்து, மறு கையைத் தோளில் வைத்து வெளிக்கொணரும் முறை அது. பின்னால் வந்த ஸ்மெல்லி அதைச் செப்பம் செய்தார். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பிராக்ட், நார்வேயின் லோவ்ஸெட் ஆகியோர் தலைக்கும் கைகளுக்கும் இன்னும் சில நுணுக்கங்களைச் சேர்த்தார்கள். அந்தக் கைகளின் மரபு இப்படித் தொடர்ந்து வந்தது.

மற்றொரு வழி, கத்தியின் வழி. அதுவும் பழையதே. ஆனால் நெடுங்காலம் அது இறந்த தாயின்மீது மட்டுமே செய்யப்பட்டது. ஃபிர்தௌஸி 1010-ல் முடித்த 'ஷாநாமா'வில் வீரன் ருஸ்தம் தாயின் விலாவைக் கீறி எடுக்கப்பட்டதாகவும் தாயும் பிழைத்ததாகவும் வருகிறது, அது காவியம். சீஸர் என்னும் பட்டப்பெயர் வயிற்றைக் கீறிப் பிறந்ததால் வந்தது என்னும் கதையை அல்பீரூனியும் தம் காலவியல் நூலில் குறிப்பிடுகிறார். அந்நூலின் 1307-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் காட்சி அதில் ஓவியமாகவே தீட்டப்பட்டுள்ளது. ஜூலியஸ் சீஸரின் தாயார் மகன் வளர்ந்து தளபதியாகும்வரை உயிரோடிருந்தார் என்பதால் அவரைப் பற்றிய கதை நம்பத்தக்கதன்று.

நம் சட்ட மேதைகளும் இதை விவாதித்திருக்கிறார்கள். தாய் இறந்துவிட்டாள், வயிற்றில் பிள்ளை அசைகிறது. என்ன செய்வது? ஹனஃபி சட்ட நூல்கள் வயிற்றைக் கீறலாம் என்கின்றன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அவ்வாறு தீர்ப்பளித்ததால் ஒரு பிள்ளை உயிர் பிழைத்ததாகவும் அந்நூல்கள் சொல்கின்றன. பிள்ளை பிழைக்கும் நம்பிக்கை இருந்தால் கீறலாம் என்பது ஷாஃபி மத்ஹபின் கருத்து. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) அவர்களோ 'அல்முக்னி'யில், மய்யித்தின் உடலைக் கீறாமல், மருத்துவச்சிகள் கையால் முயன்று எடுக்க வேண்டும் என்னும் கருத்தை எடுத்துரைக்கிறார். கையா, கத்தியா என்னும் கேள்வி மருத்துவக் கூடங்களுக்கு முன்பே ஃபிக்ஹு நூல்களில் எழுந்துவிட்டது. இராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். கடற்கரை மரைக்காயர்களில் பெரும்பாலோர் ஷாஃபிகள். ஆகவே தமிழ் முஸ்லிம்களில் மிகப் பலருடைய மத்ஹபுகள் பிள்ளையின் உயிரின் பக்கமே நின்றிருக்கின்றன.

உயிரோடிருக்கும் தாயின் வயிற்றைக் கீறி அவளையும் காப்பாற்றுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அரிய செயலாகவே இருந்தது. மயக்க மருந்து வந்தது. 1876-ல் இத்தாலியின் போர்ரோ, இரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையையே அறுத்தெடுத்துத் தாயைப் பிழைக்கவைத்தார். 1882-ல் ஜெர்மனியின் ஸேங்கர், கருப்பையைத் தைத்து மூடுவதற்குச் சரியான முறையைக் கண்டார். அதுவரை கீறிய கருப்பையைப் பெரும்பாலும் தைப்பதே இல்லை என்பது இன்று கேட்போருக்கு வியப்பாயிருக்கும். பின்னர் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையும், பெனிசிலினும், இரத்தம் ஏற்றும் வசதியும் சேர்ந்தபோதுதான் கத்தி நம்பத்தக்கதாயிற்று.

இந்தப் பக்கத்துக் கதைக்கு வருவோம். சென்னையில் பிரசவ மருத்துவமனை 1844-லேயே தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய எழும்பூர் மருத்துவமனை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தொண்டாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது பிரசவ வைத்திய நூலொன்றையும் 1857-ல் தமிழில் வெளியிட்டார். கட்டடமும் இருந்தது, நூலும் இருந்தது. ஆனால் மருத்துவர் ஆணாயிருந்தார். நம் பெண்கள் கோஷாவில் இருந்தார்கள்.

சென்னையில் வாழ்ந்த பாரிஸ்டர் ஒருவரின் மனைவி மேரி ஷார்லீப். பேறுகாலத்தில் இந்நாட்டுப் பெண்கள் படும் பாட்டைக் கேட்டு மனம் பொறாமல், 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். இலண்டனிலும் படித்துத் திரும்பி, 1885-ல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமென்றே சென்னையில் மருத்துவமனை அமையக் காரணமாயிருந்தார். பின்னாளில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிய பிறகும் மக்கள் வாயில் அது 'கோஷா ஆஸ்பத்திரி'யே.

1890-களில் திண்டிவனத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா ஸ்கடர் அப்போது இளம்பெண்; மருத்துவம் படிக்கும் எண்ணமே இல்லாதவர். ஒரே இரவில் ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தார்கள். ஐடா, "நான் மருத்துவம் படித்தவளல்லள், என் தந்தையார் வருவார்" என்றார். ஆண் மருத்துவர் வேண்டாமென்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மூவரில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது. 1902-ல் வேலூரில் மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவரால் எழுந்தன.

இந்தக் கதையைக் கிறிஸ்தவத் தொண்டின் பெருமையாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள், அது உண்மையே. கதவைத் தட்டித் திரும்பிப் போன அந்த முஸ்லிம் கணவரைப் பற்றி நம்மில் எவரும் எழுதவில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். கல்நெஞ்சராயின் நள்ளிரவில் உதவி தேடி வந்திருக்கமாட்டார். உயிருக்கு ஆபத்தான நிர்ப்பந்தத்தில் பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கச் சட்டம் தடுக்கவில்லை. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. பிரசவத்தில் இறக்கும் பெண்ணை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஷஹீதுகளின் வரிசையில் வைத்துச் சிறப்பித்தார்கள். அது அந்தப் பெண்ணுக்குரிய சிறப்பு. வண்டி கட்டத் தாமதித்த வீட்டாருக்கு அதில் பங்கு இருப்பதாக எந்த நூலிலும் காணோம்.

இருபதாம் நூற்றாண்டில் சென்னையில் ஆ. இலட்சுமணசாமி முதலியார் (1887–1974) பிரசவ மருத்துவத்தில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். எழும்பூர் மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளரான முதல் இந்தியர் அவர். பின்னர் கிருஷ்ண மேனனுடன் இணைந்த பெயரில் இன்றுவரை மறுபதிப்புக் கண்டுவரும் அவருடைய பாடநூல், இந்திய மாணவர்கள் பல்லாயிரவருக்குக் கைந்நூலாயிற்று. பிட்டம் முன்வரும் பிள்ளையைக் கையால் எடுக்கும் கலையை அந்தத் தலைமுறை மாணவர்கள் பிரசவ அறையில் ஆசிரியரின் அருகில் நின்று கற்றார்கள்.

உலகின் போக்கு மாறத் தொடங்கியது 1959-ல். அமெரிக்க மருத்துவர் ரைட், தலை திரும்பாத பிள்ளைகள் அனைத்தையும் சிசேரியன் மூலமே எடுத்துவிட வேண்டுமென்று அவ்வாண்டு எழுதினார். நாற்பது ஆண்டுகள் வாதம் நடந்தது. ஒவ்வொரு மருத்துவரும் தம் அனுபவத்தைச் சொன்னார். அதாவது, என் நன்னியின் முற்றத்தில் நடந்ததைப்போல, பிழைத்தவர்களைக் காட்டி வாதித்தார்கள். கடைசியில் கனடாவின் டொரண்டோ நகரத்து மருத்துவர் மேரி ஹானா தலைமையில் 26 நாடுகளின் 121 மருத்துவமனைகளில் 2,088 தாய்மார்களைக் கொண்டு பெரும் ஆய்வு நடந்தது. யாருக்கு அறுவை, யாருக்கு இயற்கைப் பிரசவம் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தார்கள். விளைவு தெளிவாகிவிட்டதென்று ஆய்வை இடையிலேயே நிறுத்தி, 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். பிள்ளை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது, அறுவை திட்டமிடப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 1.6, இயற்கைப் பிரசவம் திட்டமிடப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 5. இறப்பு மட்டும் என்றால் ஒரு பக்கம் 3, மறுபக்கம் 13.

இவ்வளவு விரைவாக உலக மருத்துவத்தை மாற்றிய ஆய்வுகள் மிகச் சில. நெதர்லாந்தில் இத்தகைய பிள்ளைகளுக்குச் சிசேரியன் நூற்றுக்கு 50 என்றிருந்தது இரண்டே மாதங்களில் 80 ஆயிற்று. அங்கே பிள்ளைகளின் இறப்பும் ஆயிரத்துக்கு 3.5 என்பதிலிருந்து 1.8-ஆகக் குறைந்தது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நாட்டில் 2000 முதல் 2002 வரை, தலை திரும்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திட்டமிட்டுச் செய்த சிசேரியனுக்குப் பின் நான்கு தாய்மார்கள் இறந்ததும் பதிவாகியிருக்கிறது.

பிறகு மறுபரிசீலனை வந்தது. ஆய்வில் சேர்க்கப்பட்ட சிலர் இயற்கைப் பிரசவத்துக்கு ஏற்றவர்களாகவே இருக்கவில்லை, சில இடங்களில் அருகில் நின்றவர்களுக்குப் போதிய தேர்ச்சி இல்லை என்ற குறைகள் எடுத்துக்காட்டப்பட்டன. அதே ஆய்வின் பிள்ளைகளை இரண்டு வயதில் மீண்டும் பார்த்து 2004-ல் வெளியிட்டபோது, இறப்போ வளர்ச்சிக் குறையோ கண்டவர்கள் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 3.1, மறுபிரிவில் 2.8, வேறுபாடு இல்லையென்றே சொல்ல வேண்டும். 2006-ல் பிரான்சும் பெல்ஜியமும் 174 மருத்துவமனைகளின் 8,105 தாய்மார்களைப் பற்றிய கணக்கை வெளியிட்டன. அந்நாடுகளில் கையின் கலை அழியவில்லை. தாயின் இடுப்பளவும் பிள்ளையின் எடையும் நிலையும் பார்த்துத் தகுதியானவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். பிரசவம் முழுவதும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கண்காணித்தார்கள். அங்கே பாதிப்பு ஒரு பக்கம் நூற்றுக்கு 1.60, மறுபக்கம் 1.45.

இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-ல் கூட்டிக் கழித்துச் சொன்ன கணக்கு இது: 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் ஆயிரத்துக்கு 0.5 பிள்ளை இறக்கலாம். பிட்டம் முன்வரும் பிள்ளையைத் திட்டமிட்டு இயற்கையாகப் பெறுவதில் 2. தலை முன்வரும் சாதாரணப் பிரசவத்தில் 1. பிள்ளையை மட்டும் பார்த்தால் கத்தியின் பக்கம் தராசு தாழ்கிறது. ஆனால் தாய் அந்த ஒரு பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. கீறிய கருப்பையில் அடுத்த நஞ்சுக்கொடி தழும்பின்மேல் வேரூன்றிப் பிரியாமல் போகும் ஆபத்து உண்டு. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கீழே அமைந்துவிட்ட தாய்மார்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு நூற்றுக்கு 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களுக்கு 40 பேருக்கும், மூன்று ஆனவர்களுக்கு 61 பேருக்கும் அப்படி நேர்ந்தது. நாலு பிள்ளை பெற விரும்பும் குடும்பம் முதல் பிள்ளையின்போதே இதைக் கேட்டறிய வேண்டாமா?

கைக்கும் கத்திக்கும் முன்னால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நிறைமாதத்தை நெருங்கும்போது தாயின் வயிற்றின்மேல் கைவைத்து, வெளியிலிருந்தே பிள்ளையைக் குட்டிக்கரணம் போடவைத்துத் தலையைக் கீழே கொண்டுவருவது. வயிற்றில் எண்ணெய் தடவி நீவிய பழைய மருத்துவச்சிகள் கண்ணை மூடிக்கொண்டு செய்ததை இன்று ஸ்கேன் பார்த்துக்கொண்டு, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டு, அவசரமானால் அறுவைக்கூடம் பக்கத்தில் இருக்கச் செய்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வெற்றி கிடைக்கிறது. வீட்டில் செய்யத்தக்கதன்று, ஆனால் மருத்துவமனையில் கேட்கத்தக்கது. கேட்பவர்கள் குறைவு. வியப்பு என்னவென்றால், சொல்பவர்களும் குறைவு.

தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 99.6. நன்னியின் தாயார் காலத்தோடு ஒப்பிட்டால் இது அல்லாஹ்வின் பேரருள் என்றே சொல்ல வேண்டும். அதே கணக்கெடுப்பில் சிசேரியன் நூற்றுக்கு 44.9, தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. ஐந்தாண்டுகளுக்கு முந்திய கணக்கெடுப்பில் மொத்தம் 34.1 ஆக இருந்தது. இவற்றில் தலை திரும்பாத பிள்ளைகள் சிறு பகுதியே. ஆனால் அந்தச் சிறு பகுதியில் வேறு வழியைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. ஸ்கேன் சீட்டில் 'பிரீச்' என்று எழுதியிருந்தால் அறுவைக்கு நாள் குறிக்கப்படுகிறது. இளம் மருத்துவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பார்த்துக் கற்கப் பிரசவங்களே இல்லாதபோது அவர்கள் எங்கே கற்பார்கள்? கற்காத கையோடு இயற்கைப் பிரசவத்துக்குத் துணிவதைவிடக் கத்தியை எடுப்பதே நேர்மை. அப்படி ஒவ்வொருவரும் நேர்மையாக நடக்க நடக்க, அந்தக் கலை இன்னும் வேகமாக மறைகிறது.

மறைந்தால் மறையட்டும், அதுதான் அறுவைக்கூடம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகள் அறுவைக்கூடத்தின் நேரம் பார்த்து வருவதில்லை. தலை திரும்பவில்லை என்பது வலி கண்ட பிறகே தெரியவரும் தாய்மார்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளில் முதலாவது நேராகப் பிறந்து, இரண்டாவது காலை நீட்டிக்கொண்டு வருவதும் உண்டு. குறைமாதப் பிள்ளைகளில் பிட்டம் முன்வருவது மிகுதி. அவை அவசரமாகவும் வந்துவிடும். மலையடிவாரத்திலிருந்து ராஜபாளையம் நோக்கி 108 வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட்டம் தெரிந்துவிட்டால், அந்த வண்டியில் கத்தி இல்லை. கை மட்டுமே இருக்கிறது. அந்தக் கைக்கு இழுக்கக்கூடாது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

இதற்காகவே இப்போது பல நாடுகளில் பொம்மைகளை வைத்துப் பயிற்சி தருகிறார்கள். தோலும் எலும்பும்போல் செய்த இடுப்பும், அதிலிருந்து பிட்டம் முன்வரும் பிள்ளைப் பொம்மையும் கொண்டு, மோரிஸோவின் முறையையும் லோவ்ஸெட்டின் முறையையும் மருத்துவர்களும் செவிலியர்களும் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார்கள். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தேவதானம், சேத்தூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளைகளும் அதில் படித்து வெளிவரும் காலம் இது. நம் வீட்டுப் பெண்களும் அவர்களில் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

நன்னி மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, இடுப்புப் பிடிப்போடு வந்த முதியவர் ஒருவர் என் தாயாரிடம், காலால் பிறந்தவர்கள் வேறு யாரேனும் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை என்றார் தாயார்.